தோலுக்கு எந்த எண்ணெய்?

நம் வீடுகளில் எண்ணெய்க்குப் பஞ்சமில்லை. குளியலறை மாடத்தில் தேங்காய் எண்ணெய், அடுப்படியில் நல்லெண்ணெய், அலமாரி மூலையில் எப்போதோ வாங்கிய விளக்கெண்ணெய் என்று ஏதாவது ஒன்று கைக்கு எட்டும். அண்மைக் காலமாக ஆர்கன், ஜோஜோபா, டீ ட்ரீ என்று சின்னச் சின்ன சீசாக்களும் வந்து சேர்ந்திருக்கின்றன. எது நல்லது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் தெளிவான பதில் கிடைக்கும்: யாருடைய தோலுக்கு, உடம்பில் எந்த இடத்துக்கு, எந்தப் பருவத்தில்? இந்த அத்தியாயம் அந்தக் கேள்விகளை மனதில் வைத்தே போகிறது.

எண்ணெய் செய்யும் வேலை

தோலின் மேல்பரப்பு உயிரற்ற செல்களாலான மெல்லிய அடுக்கு. உள்ளங்கை, உள்ளங்காலைத் தவிர்த்துப் பெரும்பாலான இடங்களில் அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான் இருக்கும். செங்கல் சுவரைப் போல நினைத்துக்கொள்ளுங்கள். செல்கள் செங்கல், செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பமிலங்கள் மூன்றும் கலந்தது இடையிலுள்ள சாந்து. சாந்து உதிர்ந்தால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகிப் போகும். வெளியிலிருந்து சோப்பும் தூசும் கிருமியும் உள்ளே புகும். வெள்ளை பூத்து, இழுத்துப் பிடித்து, அரிக்கும் வறண்ட தோல் இப்படித்தான் உண்டாகிறது.

எண்ணெயில் நீர் கிடையாது. அதனால் எண்ணெய் தோலுக்கு ஈரம் கொடுக்காது; இருக்கிற ஈரம் வெளியே போகாமல் தடுக்கும். குளித்து, துண்டால் ஒற்றி எடுத்து, தோலில் ஈரம் இன்னும் மிச்சமிருக்கும்போது பூசுவதே சரியான நேரம். காய்ந்துபோன காலில் கை நிறைய எண்ணெய் தேய்ப்பதைவிட ஈரக் காலில் சில துளி பூசுவது அதிகம் பலன் தரும்.

எண்ணெய்க்கு இன்னொரு வேலையும் உண்டு. அதிலுள்ள கொழுப்பமிலங்கள் சாந்துக்குள் கலக்கின்றன. இங்கேதான் எண்ணெய்க்கு எண்ணெய் வேறுபடுகிறது. மூன்று பெயர்களை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

லினோலிக் அமிலம்: செராமைடு உருவாக இது தேவை. உடல் இதைத் தானே தயாரிக்க முடியாது. சூரியகாந்தி எண்ணெயில் மிகுதி.

ஒலியிக் அமிலம்: ஆலிவ், பாதாம் எண்ணெய்களில் மிகுதி. தோலுக்குப் பட்டுப்போன்ற வழவழப்பைத் தரும். ஆனால் சாந்தின் ஒழுங்கைக் குலைத்து வழிவிடும் குணமும் இதற்கு உண்டு. மருந்து தோலுக்குள் இறங்குவதற்காகச் சில களிம்புகளில் இதைச் சேர்ப்பது அதனால்தான். ‘நன்றாக உள்ளே இறங்குகிறது’ என்று ஓர் எண்ணெயைப் புகழ்வதற்கு முன் இதை நினைத்துப் பாருங்கள்.

லாரிக் அமிலம்: தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி இதுதான். சில பாக்டீரியாக்களை அடக்கும் ஆற்றல் கொண்டது.

நம் வீட்டு எண்ணெய்கள்

தேங்காய் எண்ணெய்: உடம்பின் வறட்சிக்கு முதல் தேர்வு. பிலிப்பைன்ஸில் கரப்பான் உள்ள குழந்தைகளிடம் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், 8 வாரம் பூசிய சுத்தமான தேங்காய் எண்ணெய் மினரல் ஆயிலைவிட நன்றாக வேலை செய்தது. கரப்பான் தோலில் அதிகமாகக் குடியேறும் ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவைக் குறைப்பதிலும், அதே நாட்டில் 2008இல் வந்த இன்னோர் ஆய்வில், அது ஆலிவ் எண்ணெயை முந்தியது. கை, கால், முதுகு, வயிறு எங்கும் பூசலாம்.

முகப்பரு வரும் முகத்துக்கு மட்டும் இது வேண்டாம். துளைகளை அடைக்கும் எண்ணெய்களின் பட்டியலில் இதற்கு மேல்வரிசையில் இடம். அந்தப் பட்டியலின் தொடக்கம் முயல் காதில் செய்த சோதனைகள்; முயல் காது மனித முகத்தைவிட எளிதில் அடைத்துக்கொள்ளும் என்பதால் அதை வேதவாக்காகக் கொள்ள வேண்டியதில்லை. இருந்தாலும் தலைக்கு வழிய வழிய எண்ணெய் வைப்பவர்களுக்கு நெற்றியிலும் கன்னப்பொறியிலும் பொடிப்பொடியாகப் பரு வருவது தோல் மருத்துவர்கள் அன்றாடம் பார்ப்பது.

நல்லெண்ணெய்: லினோலிக்கும் ஒலியிக்கும் கிட்டத்தட்ட சரிபாதியாக, ஒவ்வொன்றும் 40 சதவீதத்தை ஒட்டி இருக்கும். சிசாமின், சிசாமோல் போன்ற இயற்கைப் பாதுகாப்புப் பொருள்கள் இருப்பதால் எளிதில் சிக்கு வாடை ஏறாது. உடம்பு முழுக்கத் தேய்த்துக் குளிக்க ஏற்றது. எள்ளில் ஒவ்வாமை உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும்.

சூரியகாந்தி எண்ணெய்: சமையலுக்கு மட்டும் என்று நினைத்து நாம் ஒதுக்கிவைக்கும் இதற்குத்தான் தோல் ஆய்வுகளில் நல்ல பெயர். டாக்கா ஷிஷு மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகளுக்கு இதைப் பூசியபோது, பூசாத குழந்தைகளைவிட மருத்துவமனைத் தொற்று 41 சதவீதம் குறைந்தது என்று 2005இல் லான்செட் இதழில் ஓர் ஆய்வு வந்தது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 19 பெரியவர்களிடம் செய்த சோதனை 2013இல் வெளியானது. ஆலிவ் எண்ணெய் தோலின் காப்பைத் தளர்த்தி லேசாகச் சிவக்க வைத்தது. சூரியகாந்தி எண்ணெய் காப்பைக் கெடுக்கவில்லை, ஈரத்தையும் கூட்டியது. ‘ஹை ஒலியிக்’ என்று அச்சிட்ட சூரியகாந்தி எண்ணெயும் கடையில் உண்டு. பொரிப்பதற்கு நல்லது, தோலுக்குச் சாதாரண வகையை எடுங்கள்.

விளக்கெண்ணெய்: இதில் சுமார் 85 முதல் 90 சதவீதம் ரிசினோலிக் அமிலம். அந்தப் பிசுபிசுப்புக்கும் பளபளப்புக்கும் காரணம் அதுதான். லிப்ஸ்டிக் தயாரிப்பாளர்கள் இதை விரும்புவதும் அதனால்தான். பித்தவெடிப்பு, முழங்கை, முட்டி ஆகிய தடித்த இடங்களுக்கு நன்றாகப் பயன்படும். தனியாகப் பூசக் கடினம். ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தேங்காய் எண்ணெய் கலந்தால் இலகுவாகும். உதட்டில் பூசிச் சிலருக்கு வெடிப்பும் எரிச்சலும் வருவதுண்டு. நீளக் கூந்தலில் இதைத் தனியாக அப்பி, முடி சடையாகத் திரண்டு, வெட்டி எடுக்க நேர்ந்த நிகழ்வும் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது.

வேப்பெண்ணெய், புங்கெண்ணெய்: இவற்றை மருந்தாகக் கருதுங்கள், தினப்படி பூசும் எண்ணெயாக அல்ல. வேப்பெண்ணெய் ஒரு பங்கும் தேங்காய் எண்ணெய் ஒன்பது பங்கும் கலந்தால் வாடையும் எரிச்சலும் தாங்கும் அளவுக்கு இறங்கும். எக்காரணத்தைக் கொண்டும் குழந்தைகளின் வாயில் விடக் கூடாது. வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட கைக்குழந்தைகளுக்கு வலிப்பும் நினைவிழப்பும் வந்த நிகழ்வுகள் பதிவாகியுள்ளன.

கடுகெண்ணெய்: வட இந்தியாவிலும் வங்காளத்திலும் குழந்தைகளுக்குத் தேய்ப்பது இதைத்தான். அதன் காரமே தோலை எரிச்சலூட்டும். மென்மையான தோலுக்குப் பரிந்துரைக்க முடியாது.

மூலிகை தைலங்கள்: பெயர் எதுவானாலும் பெரும்பகுதி அடிப்படை எண்ணெய்தான். அது நல்லெண்ணெயா தேங்காய் எண்ணெயா என்று முதலில் பாருங்கள். சித்த மருத்துவர்கள் காளாஞ்சகப்படைக்கு (சொரியாசிஸ்) தரும் வெட்பாலைத் தைலம், வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்து எடுப்பது. இலையின் சாறு இறங்கியதும் எண்ணெய் ஊதா நிறமாகும். இவற்றை மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகு பூசுவதே முறை. சேங்கொட்டை, முந்திரித் தோட்டு எண்ணெய் இரண்டும் பட்ட இடம் வெந்து கொப்பளிக்கும். கைவைத்தியமாக யார் சொன்னாலும் தொடாதீர்கள்.

வெளியூர் சீசாக்கள்

ஆர்கன் எண்ணெய் மொராக்கோவின் தென்மேற்கில் வளரும் முள்மரத்தின் கொட்டையிலிருந்து வருகிறது. அதை எடுக்கும் பெண்களின் கைத்தொழில் அறிவை யுனெஸ்கோ 2014இல் மரபுப் பட்டியலில் சேர்த்தது. எண்ணெயும் நல்லதுதான். ஆனால் அதன் கொழுப்பமிலக் கணக்கு சுமார் 45 சதவீதம் ஒலியிக், 35 சதவீதம் லினோலிக். நம் நல்லெண்ணெயிலிருந்து அதிகம் விலகவில்லை. விலையில் இருக்கும் வித்தியாசம் தோலில் தெரியும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

ஜோஜோபா வேறு ரகம். வட அமெரிக்காவின் சொனோரா பாலைவனத்துச் செடி. இப்போது ராஜஸ்தானிலும் பயிராகிறது. இது வேதியியல்படி எண்ணெயே அல்ல, திரவ மெழுகு. 1970களில் திமிங்கிலத் தைலத்துக்குத் தடை வந்தபோது மாற்றாகப் புகழ்பெற்றது. நம் முகத்தில் சுரக்கும் மெழுக்கிலும் ஒரு பகுதி இதே வகை மெழுகு. லேசானது, சீக்கிரம் கெடாது. எண்ணெய் வழியும் முகத்துக்கு ஏதாவது பூசியே ஆக வேண்டும் என்றால் இது பொருந்தும்.

ஆலிவ் எண்ணெய் பெரியவர்களின் தடித்த தோலுக்குப் பரவாயில்லை. பிறந்த குழந்தைக்கும் கரப்பான் தோலுக்கும் வேண்டாம். காரணத்தை மேலே பார்த்தோம்.

பாதாம் எண்ணெய் மென்மை தரும். கர்ப்ப காலத்து வயிற்று வரிகளைத் தடுக்கும் என்ற விளம்பரத்துக்கு மட்டும் உறுதியான சான்று இல்லை. வயிற்று அரிப்பு குறையும், அதற்காகப் பூசலாம்.

வாசனை எண்ணெய்கள் தனி இனம்

டீ ட்ரீ, லாவெண்டர், யூகலிப்டஸ், எலுமிச்சை எண்ணெய்கள் ஆவியில் வடித்து அல்லது தோலைப் பிழிந்து எடுக்கும் செறிவான சாரங்கள். தேங்காய் எண்ணெய் போல ஊற்றித் தேய்ப்பவை அல்ல. ஒரு மேசைக்கரண்டி அடிப்படை எண்ணெய்க்கு மூன்று நான்கு துளிக்கு மேல் போகக் கூடாது.

இவற்றில் டீ ட்ரீக்கு ஓரளவு சான்று உண்டு. ஆஸ்திரேலியாவில் 124 பேரிடம் நடத்தி 1990இல் வெளியான ஆய்வில் 5 சதவீத டீ ட்ரீ ஜெல் பருக்களைக் குறைத்தது. வழக்கமான பென்சாயில் பெராக்சைடைவிட மெதுவாக, ஆனால் குறைந்த எரிச்சலோடு. திறந்து வைத்துப் பழசான டீ ட்ரீ எண்ணெய் ஒவ்வாமையைக் கிளப்பும். எலுமிச்சை, பெர்கமாட் எண்ணெய்களைப் பூசி வெயிலில் போனால் தோல் கருத்துக் கொப்பளிக்கலாம்.

சூடம் கலந்த எண்ணெய் நம் வழக்கம். சளி பிடித்த குழந்தையின் நெஞ்சில் சூடு பறக்கத் தேய்ப்பார்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இதைச் செய்யாதீர்கள். சூடம் தோல் வழியாகவும் உள்ளே போகும், வலிப்பு வரலாம்.

பூசும் முறை

முதல் முறை வாங்கும் எந்த எண்ணெயையும் நேராக முகத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். முழங்கையின் உள்மடிப்பில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குக் காலையும் மாலையும் பூசி, 7 முதல் 10 நாள் பாருங்கள். சிவப்பு, தடிப்பு, அரிப்பு இல்லையென்றால் மற்ற இடங்களுக்குப் போகலாம். ஒவ்வாமை சில நாள் கழித்தே தலைகாட்டும் என்பதால் ஒரு நாள் சோதனை போதாது.

அன்றாட வறட்சிக்கு:

1. வெந்நீர் வேண்டாம், வெதுவெதுப்பு போதும். குளியல் 10 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம்.
2. துண்டால் ஒற்றுங்கள். அழுத்தித் துடைக்காதீர்கள்.
3. மூன்று நிமிடத்துக்குள் எண்ணெய் பூசுங்கள். ஒரு கைக்கு அரைத் தேக்கரண்டியே அதிகம்.
4. முடி வளரும் திசையில் நீவுங்கள். எதிர்த்திசையில் அழுத்தித் தேய்த்தால் முடிக்கால்கள் சிவந்து சீழ்க்கட்டி வரலாம்.

எண்ணெய்க் குளியலுக்கு அரை மணி நேரம் ஊறினால் தாராளம். ஊற ஊறப் பலன் கூடும் என்று நினைத்து இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டாம். உண்மையில் குளியலின் பலனைக் கெடுப்பது அதன் பிறகு போடும் சோப்புதான். தோலின் அமிலத்தன்மை (pH) 5ஐ ஒட்டியது. சாதாரண சோப்பு 9, 10 என்ற காரப் பக்கம் நிற்கும். தலைக்குச் சீயக்காயோ அரப்போ போடுங்கள். உடம்புக்குப் பயற்ற மாவு அல்லது மென்மையான சோப்பை அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகியவற்றுக்கு மட்டும் போட்டால் போதும். வயதானவர் குளிக்கும் நாளில் தரையில் சிந்திய எண்ணெயை உடனே கழுவிவிடுங்கள். வழுக்கி விழுந்து இடுப்பு முறிவது தோல் வறட்சியைவிடப் பெரிய துன்பம்.

பித்தவெடிப்புக்கு: இரவில் வெதுவெதுப்பான நீரில் பாதத்தை 10 நிமிடம் ஊறவைத்து, ஒற்றி, விளக்கெண்ணெய்க் கலவையைப் பூசிப் பருத்தி காலுறை போட்டுத் தூங்குங்கள். சர்க்கரை நோயாளிகள் பாதத்தை ஊறவைக்க வேண்டாம். கழுவி ஒற்றிவிட்டுப் பூசலாம், ஆனால் விரலிடுக்கில் பூசக் கூடாது. அங்கே ஈரம் தேங்கினால் புண்ணுக்கு வழி திறக்கும்.

பருவத்தையும் கணக்கில் எடுங்கள். மார்கழி, தை மாதங்களில் தினமும் பூசலாம். சித்திரை வெயிலில், அதிலும் சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோரப் புழுக்கத்தில், பகலில் உடம்பெல்லாம் எண்ணெய் பூசினால் வேர்வைத் துளை அடைபட்டு வேர்க்குரு மிகுதியாகும். அந்த மாதங்களில் இரவில், காலுக்கும் கைக்கும் மட்டும் போதும்.

எங்கே பூசக் கூடாது

தேமல், பொடுகு உள்ள இடம்: இவற்றுக்குப் பின்னால் இருப்பது மலசீசியா என்ற பூஞ்சை. அது உயிர்வாழ்வதே தோலிலுள்ள கொழுப்பை உண்டுதான். பொடுகு வறட்சியால் வருகிறது என்று எண்ணி எண்ணெய் வைத்தால் அதற்கு விருந்து வைத்ததாகும்.

படர்தாமரை: தொடையிடுக்கு, அக்குள், மார்பின் அடிப்பகுதி ஆகிய இடங்கள் காய்ந்திருக்க வேண்டும். எண்ணெய் ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

தீக்காயம்: ஓடும் குழாய் நீரில் 20 நிமிடம் காட்டுவதே முதலுதவி. எண்ணெய் சூட்டைத் தோலிலேயே தேக்கும்.

குழந்தையின் மூக்கு, காது, தொப்புள்கொடி: மூக்கில் விடும் எண்ணெய் மூச்சுக்குழல் வழியாக நுரையீரலுக்குப் போய் நிமோனியாவை உண்டாக்கும். பல தலைமுறையாகச் செய்து வந்தது என்பது இதற்குச் சமாதானம் ஆகாது.

வெயிலில் போகும் தோல்: எந்தத் தாவர எண்ணெயும் சன்ஸ்கிரீனுக்கு ஈடாகாது.

வாங்குவதும் வைப்பதும்

மரச்செக்கா, ரீஃபைண்டா என்ற சண்டை சமையலறைக்குரியது. தோலைப் பொறுத்தவரை செக்கெண்ணெயில் வைட்டமின் ஈ போன்றவை கூடுதலாக மிஞ்சும். ரீஃபைண்டில் மணமும் ஒவ்வாமை தரும் புரதங்களும் குறையும். தோல் சாதாரணமானது என்றால் செக்கெண்ணெய். எதற்கெடுத்தாலும் தடிக்கும் தோலென்றால் ரீஃபைண்டு. கொப்பரையைக் காயவைக்கும்போது பூஞ்சை பிடிக்காமலிருக்கக் கந்தகப் புகை போடுவதுண்டு. செக்கு ஆலையில் வாங்குகிறவர்கள், புகை போடாத கொப்பரையா என்று கேட்டு வாங்குங்கள்.

தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரி செல்சியஸில் உறையத் தொடங்கும். ஊட்டியில் உறைந்தால் அது கலப்படமல்ல. சோதிக்க விரும்பினால் கண்ணாடிக் குப்பியில் ஊற்றிக் குளிர்பதனப் பெட்டியில் அரை மணி நேரம் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம். எண்ணெய் உறைந்து, உறையாத அடுக்கு ஒன்று தனியே நின்றால் வேறு எண்ணெய் கலந்திருக்கிறது. பாமாயிலின் உடன்பிறப்பான பனைப்பருப்பு எண்ணெய் இந்தச் சோதனையில் தப்பிவிடும். அதுவும் ஏறக்குறைய அதே சூட்டில் உறையும்.

சீசாவின் முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் முக்கியம். அழகுப் பொருள்களில் எது அதிகமோ அது பட்டியலில் முதலில் வரும். ‘பாதாம் ஹேர் ஆயில்’ என்று வாங்கியதில் முதல் பெயர் மினரல் ஆயில் அல்லது லைட் லிக்விட் பாரஃபின் என்றிருந்தால், நீங்கள் வாங்கியது பெட்ரோலியத்திலிருந்து வந்த எண்ணெய். பாதாம் பெயரளவுக்கு இருக்கும். மினரல் ஆயில் தோலைக் கெடுக்காது, ஈரத்தையும் நன்றாகக் காக்கும். பாதாம் விலை கொடுத்து அதை வாங்க வேண்டுமா என்பதே கேள்வி.

லினோலிக் மிகுந்த எண்ணெய்கள் சீக்கிரம் கெடும். 100 மில்லி அளவில் வாங்கி, இருண்ட நிறக் கண்ணாடிக் குப்பியில், ஜன்னலுக்கும் அடுப்புக்கும் தள்ளி வையுங்கள். ஈரக்கையை உள்ளே விடாதீர்கள். வாங்கிய தேதியைக் குப்பியில் எழுதி ஒட்டுங்கள். சிக்கு வாடை வந்த எண்ணெயைத் தோலுக்குப் பூசிக் கழித்துவிடலாம் என்று சிக்கனம் பார்க்க வேண்டாம். கெட்ட எண்ணெய் தோலை எரிச்சலூட்டும்.

ஒரே பார்வையில்

சாதாரண வறண்ட உடம்பு: தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய்.
கரப்பான் உள்ள தோல்: சுத்தமான தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய்; மருத்துவர் தந்த களிம்போடு சேர்த்து, அதற்குப் பதிலாக அல்ல.
பிறந்த குழந்தை: தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மெல்ல நீவி.
எண்ணெய் வழியும், பரு வரும் முகம்: எதுவும் வேண்டாம், தேவையென்றால் ஜோஜோபா இரண்டு துளி.
பித்தவெடிப்பு, முட்டி, முழங்கை: விளக்கெண்ணெய்க் கலவை.
முதியோரின் முன்னங்கால்: தேங்காய் எண்ணெய், குளித்த ஈரத்தோடு, தினமும்.

பெரும்பாலான வீடுகளுக்கு ஒரு தேங்காய் எண்ணெய்க் குப்பியும் ஒரு விளக்கெண்ணெய்க் குப்பியும் போதும், மற்றவை விருப்பம். நான்கு வாரம் ஒழுங்காகப் பூசியும் அரிப்பு அடங்கவில்லை, தோலில் நீர் கசிகிறது, தடிப்பு பரவுகிறது என்றால் அடுத்த எண்ணெயைத் தேடாமல் தோல் மருத்துவரைப் பாருங்கள். போகும்போது இதுவரை பூசிய எல்லாக் குப்பிகளையும் கையோடு கொண்டுபோங்கள். பாதிக் காரணம் அந்தப் பையிலேயே இருக்கக்கூடும்.